60 ஆச்சு, 70 ஆகலை: அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சொந்தக்காரர்களிலோ எங்கள் குடியிருப்பிலோ யாராவது ரிட்டயர் ஆனால் கொஞ்ச நாளில் எனக்குப் போன் வந்துவிடும். கேட்கிறவர்தான் வேறு, கேள்வி அதேதான். நான் ஏஜென்ட் இல்லை, எந்த கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பி, கிளைமுக்காக ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் காத்திருந்து தெரிந்துகொண்டவை இவை. தனியார் வேலையோ கடையோ சொந்தத் தொழிலோ பார்த்து ஓய்ந்தவர்கள், அரசு பென்ஷன் இல்லாதவர்கள், 58-லிருந்து 69 வயதுக்குள் இருப்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் என்னிடம் கேட்டபடியே இருக்கின்றன.

60 ஆயிட்டாலே சீனியர் சிட்டிசன் தானே, அரசாங்கம் பார்த்துக்காதா?

வருமான வரிக்கும் பேங்க் வட்டிக்கும் 60 வயதில் நீங்கள் மூத்த குடிமகன். மருத்துவத்துக்கு அப்படி இல்லை. மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் மூத்தவர்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று கொண்டுவந்தது, ஆனால் அதற்கு வயது 70 முடிந்திருக்க வேண்டும்.

அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு வழி உண்டா இல்லையா என்பதை வயது தீர்மானிப்பதில்லை, குடும்ப வருமானமோ பார்த்த வேலையோதான் தீர்மானிக்கிறது. இரண்டிலும் வராத நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம் சொந்தப் பொறுப்புதான். முட்டி, கண்புரை, இதயம், புராஸ்டேட் என்று ஆஸ்பத்திரிச் செலவு தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வருடங்களில்தான், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில அப்பாவைச் சேர்க்க முடியாதா? அவருக்கு வருமானமே இல்லையே.

முடியலாம், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பிரீமியம் உங்களிடம் வாங்கமாட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போனால் அங்கேயே பதிவு செய்துவிடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அப்பாவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் அதே ரேஷன் கார்டில் மாதம் 60,000 சம்பாதிக்கிற மகன் இருந்தால் அது மொத்தக் குடும்பத்தின் வருமானம். பெற்றோர் ஊரில் தனியாக, தனிக் கார்டில் இருந்து, அவர்கள் வருமானம் நிஜமாகவே வரம்புக்குள் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். தகுதி இருந்தும் "அதெல்லாம் ரொம்ப ஏழைங்களுக்கு" என்று போகாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீண் கூச்சம்.

நான் ஃபேக்டரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். எனக்கு வேற வழி இருக்கா?

ரிட்டயர் ஆகும்போது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தீர்களா என்று பாருங்கள். குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ. வேலையில் இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு 120. இது பலருக்குத் தெரியவே தெரியாது, வேலையை விட்டதோடு அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற சான்றோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

மாநில அரசு ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீடு உண்டு, மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ்., பேங்க் ஓய்வூதியர்களுக்குக் குழுக் காப்பீடு. அம்மாவோ அப்பாவோ இவற்றில் ஒன்றில் இருந்தால் இன்னொருவரும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார். தனியார் பாலிசி தேடுவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

65 தாண்டினா எந்த கம்பெனியும் பாலிசி தராதுன்னு சொன்னாங்களே?

அது பழைய கதை. புது பாலிசி எடுக்க 65 வயது வரை என்று இருந்த வழக்கத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் 1 முதல் மாற்றிவிட்டது. எல்லா வயதினருக்கும் கம்பெனிகள் ஏதாவது ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் திட்டம் வைத்திருப்பது வேறு, உங்கள் அப்பாவுக்கு அதைத் தருவது வேறு. மெடிக்கல் டெஸ்ட் எடுத்துப் பார்த்து மறுக்கலாம், பிரீமியத்தைக் கூட்டிக் கேட்கலாம், குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் தர மாட்டோம் என்று சொல்லலாம். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவுகோல். "இதற்கு முன் யாராவது மறுத்திருக்கிறார்களா" என்று அடுத்த படிவத்தில் கேட்டால் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும்.

என் ஆபீஸ் இன்சூரன்ஸ்லயே அம்மா அப்பா இருக்காங்க. தனியா எதுக்கு?

ஆபீஸ் குழுக் காப்பீடு நல்லதுதான், பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே தருகிற குழுப் பாலிசிகள் நிறைய உண்டு. அது இருக்கும்வரை அதையே முதலில் பயன்படுத்துங்கள். ஆனால் அது உங்கள் வேலையோடு கட்டியது. வேலை மாறினால், வேலை போனால், அல்லது அடுத்த வருடம் பெற்றோரைச் சேர்ப்பதை கம்பெனி நிறுத்தினால், 67 வயது அம்மாவுக்குப் புதிதாகப் பாலிசி தேட வேண்டியிருக்கும், சில நோய்களுக்குப் பாலிசி பணம் தராத காத்திருப்புக் காலமும் அன்றைக்குத்தான் தொடங்கும். ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே தனியாக ஒன்று எடுத்து வைத்தால் அந்தக் காத்திருப்பு வலிக்காமல் கழிந்துவிடும்.

வேலையை விடப் போகிறீர்கள், தனிப் பாலிசியும் இல்லை என்றால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம். குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். இதை ராஜினாமாக் கடிதம் கொடுத்த உடனே எச்.ஆரிடம் கேளுங்கள், கடைசி வேலை நாள் முடிந்த பிறகு கேட்டால் கஷ்டம்.

எங்க நாலு பேர் ஃப்ளோட்டர்லயே அவங்களையும் சேர்த்துட்டா மிச்சமாகுமே?

ஆகாது. குடும்பத்துக்கே ஒரே தொகையைப் பொதுவாக வைக்கிற ஃப்ளோட்டரில் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடப்படும், 66 வயது அப்பா உள்ளே வந்ததும் உங்கள் பிள்ளைக்கும் சேர்த்து அந்த விகிதம் வரும். அவருக்கு ஒரு ஆபரேஷன் நடந்தால் மொத்தத் தொகையும் காலியாகி மற்றவர்களுக்கு அந்த வருடம் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பெற்றோருக்குத் தனி, உங்களுக்குத் தனி. முடிந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்குமே தனித்தனியாக எடுப்பதைத்தான் நான் சொல்வேன்.

சுகர், பிரஷர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறிடும், எழுதாதீங்கன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தினமும் போடுகிற மாத்திரைகளை ஸ்ட்ரிப்போடு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை, தைராய்டு, எப்போதோ எடுத்த பைல்ஸ் ஆபரேஷன், ஆஞ்சியோ செய்து "ஒண்ணும் இல்லை" என்று அனுப்பியது எல்லாமே வரட்டும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்தும் ஓ.டி.பி-யும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.

மறைத்தது எங்கே வெளியே வரும் தெரியுமா? அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்கிறார், பக்கத்தில் நிற்கிற அம்மா "பத்து வருஷமா இருக்கு டாக்டர்" என்று உள்ளதைச் சொல்கிறார். அது கேஸ் ஷீட்டில் முதல் வரியாகப் போகிறது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகிறது. பாலிசிக்கு இரண்டு வயது, சுகருக்குப் பத்து வயது, படிவத்தில் "இல்லை" என்ற டிக். கிளைம் அங்கேயே நின்றுவிடும், பாலிசியையே ரத்து செய்யவும் செய்வார்கள். டாக்டரிடம் பொய் சொல்லச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் மருந்து தருகிறார்.

உண்மையை எழுதிவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பயணக் காப்பீட்டு வழக்கு ஒன்றில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சர்க்கரை நோய் இருப்பதைப் படிவத்தில் சொல்லிப் பாலிசி வாங்கியவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் கிளைமை மறுத்தது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பிறகு அதையே காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவரைக் காப்பாற்றியது முதல் நாளில் எழுதிய அந்த ஒரு வரி. பாலிசி வந்ததும் கூடவே வருகிற படிவ நகலை எடுத்து நீங்கள் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பாலிசியே பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு.

வெயிட்டிங் பீரியட்னா மூணு வருஷத்துக்கு ஒண்ணுமே கிடைக்காதா?

அப்படி இல்லை, மூன்று விதமான காத்திருப்பு இருக்கிறது. முதல் 30 நாள் பொதுவானது, விபத்துக்கு மட்டும் அது பொருந்தாது. அடுத்து கண்புரை, ஹெர்னியா, முட்டி மாற்று என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டவை, பெரும்பாலும் 2 வருடம். கடைசியாக, பாலிசிக்கு முன்பே இருந்த நோய், இதற்கு அதிகபட்சம் 3 வருடம். முன்பு 4 வருடமாக இருந்ததை 2024-ல் குறைத்தார்கள்.

ஆகவே சுகர் இருக்கிற அம்மாவுக்கு நாலாவது மாதம் டெங்கு வந்தாலும், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தாலும் பாலிசி தர வேண்டும். சுகரால் காலில் புண் வந்து படுத்தால்தான் காத்திருப்பு. கொஞ்சம் கூடப் பணம் கட்டினால் பழைய நோய்க் காத்திருப்பை ஒரு வருடமாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கிற திட்டங்களும் உண்டு. 65-ஐத் தாண்டியவருக்கு அந்தக் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது என்பது என் கருத்து.

அஞ்சு வருஷம் கட்டிட்டா அப்புறம் எதையும் மறைச்சாங்கன்னு கேட்க முடியாதாமே?

பாதி உண்மை. இடைவெளி இல்லாமல் 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், சொல்லாமல் விட்டார் என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் மட்டும் மறுக்கலாம். தெரிந்தே மறைத்ததை மோசடி என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது. அது போக, இடையில் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால் கூடிய 5 லட்சத்துக்கு 60 மாதம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும்.

இந்த விதி நல்ல மனதோடு எதையோ மறந்தவருக்குப் பாதுகாப்பு. அஞ்சு வருடம் ஒன்றும் வராது என்று கணக்குப் போட்டு மறைப்பதற்கு இல்லை, 64 வயதில் அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது.

5 லட்சம் பாலிசி இருக்கு, பில் 3 லட்சம்தான். ஏன் பாதிதான் வந்துச்சு?

அநேகமாக ரூம் வாடகை வரம்பும், கிளைமில் ஒரு பங்கை நீங்களே கட்டுகிற கோ-பேயும் சேர்ந்து அடித்திருக்கும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பாலிசி 5 லட்சம், ரூம் வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் ரூமில் 5 நாள் இருந்தார்கள், வாடகை 40,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 2,00,000. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் 60,000. மொத்தம் 3 லட்சம்.

ரூமில் நாளுக்கு 3,000 தானே கூட, அதைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 8,000-க்கு 5,000 என்றால் 62.5 சதவீதம், அந்த விகிதம் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் மீதும் விழும். வாடகைக்கு 25,000, அந்த 2 லட்சத்துக்கு 1,25,000. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் இவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்பது விதி, அதனால் 60,000 முழுதாக. கூட்டினால் 2,10,000. பாலிசியில் 20 சதவீதம் கோ-பே இருந்தால் அதில் 42,000 உங்கள் பங்கு. கடைசியில் வருவது 1,68,000, கையிலிருந்து போவது 1,32,000. கையுறை, மாஸ்க் போன்ற தராத சாமான்கள் இதற்கு மேல்.

அதனால் பாலிசி வாங்கும்போது பிரீமியத்தை ஒப்பிடுவதற்கு முன் ரூம் வாடகை, கோ-பே, ஒவ்வொரு நோய்க்கும் தனி உச்சவரம்பு இந்த மூன்றையும் பாருங்கள். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கம் தருவார்கள், இதெல்லாம் அதில் இருக்கும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும். ஏற்கெனவே வரம்பு உள்ள பாலிசியில் இருந்தால், அட்மிஷன் போடும்போதே "5,000-க்குள் ரூம் வேண்டும்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஷேரிங் ரூமில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஆரோக்கிய சஞ்சீவனி எடுத்தா போதுமா?

2020 ஏப்ரலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனியும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த பொதுத் திட்டம் அது. எங்கே வாங்கினாலும் நிபந்தனை ஒன்றே, பிரீமியம் மட்டும் மாறும். கோ-பே 5 சதவீதம்தான், மூத்தவர்களுக்கென்றே விற்கிற சில திட்டங்களில் 20, 30 சதவீதம் வரை இருப்பதைப் பார்க்கையில் இது நல்லது. ஆனால் ரூமுக்கு 2 சதவீதம், அதிலும் நாளுக்கு 5,000-க்கு மேல் இல்லை, ஐ.சி.யு-வுக்கு 10,000. பெரிய நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இது போதாது, மேலே போட்ட கணக்கு அப்படியே நடக்கும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு, எளிதாகப் புரிகிற ஒன்று வேண்டும் என்பவர்களுக்குச் சரி.

எவ்வளவு தொகைக்கு எடுக்கறது? 10 லட்சம்னா பிரீமியம் தாங்கலை.

5 லட்சத்துக்கு ஒரு அடிப்படைப் பாலிசி, அதன் மேல் 5 லட்சம் கழிவுத்தொகையோடு, அதாவது முதல் 5 லட்சம் போக மீதிக்கு மட்டும் தருகிற மாதிரி, 10 அல்லது 15 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப். நேரடியாக 15, 20 லட்சத்துக்கு எடுப்பதைவிட இது பெரும்பாலும் மலிவாக வரும். வெறும் டாப்-அப் வேண்டாம், "சூப்பர்" என்ற சொல் முக்கியம். ஒரே வருடத்தில் முதல் தடவை 4 லட்சம், அடுத்து 3 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். தனித்தனியாக எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் டாப்-அப் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று எடுத்து, 5 போக மீதி 2 லட்சம் தரும்.

சூப்பர் டாப்-அப்புக்கும் தனிப் படிவம், தனிக் காத்திருப்பு. அதிலும் சுகரை எழுதியே ஆக வேண்டும்.

வருஷா வருஷம் பிரீமியம் ஏத்திட்டே போறாங்க. கம்பெனி மாத்தலாமா?

60 தாண்டியவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு முன் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். கிளைம் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது.

மாற்றுவதானால் போர்ட்டிங் வழியாக மாற்றுங்கள், பழையதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே புது கம்பெனியில் விண்ணப்பிக்க வேண்டும். கழித்த காத்திருப்பு பழைய தொகை அளவுக்குக் கூடவே வரும். ஆனால் புது கம்பெனி மறுக்கலாம், அதனால் அவர்கள் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும்வரை பழையதைக் கையில் வைத்திருங்கள். ஏற்கெனவே நாலைந்து வருடம் ஓடிய பாலிசியைச் சில ஆயிரம் ரூபாய்க்காக மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிரீமியம் கட்ட மறந்துட்டோம், தேதி தாண்டிடுச்சு. போச்சா?

வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற பாலிசி என்றால் 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் பழைய வருடங்களின் பலன் எல்லாம் தொடரும், ஆனால் இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைக்காது. 30 நாளும் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. அப்பாவின் பழைய போன் நம்பருக்கே எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருப்பதுதான் வழக்கமான காரணம், பாலிசியில் உங்கள் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.

கேஷ்லெஸ்னு சொல்லி டிஸ்சார்ஜ் அன்னைக்கு ராத்திரி வரை உட்கார வைக்கறாங்களே?

சேர்க்கும்போது அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில் அனுப்பினால் 3 மணி நேரத்திலும் கம்பெனி பதில் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஆஸ்பத்திரி எத்தனை மணிக்கு ஃபைலை அனுப்பியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பல நேரம் தாமதம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்பு, அவசரம் என்றால் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

சித்த வைத்தியம் பார்த்தா தருவாங்களா?

அங்கீகாரம் உள்ள சித்தா, ஆயுர்வேத மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் தர வேண்டும். வீட்டிலிருந்தே மருந்து வாங்கிச் சாப்பிட்டால் வராது.

கிளைமை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. கோர்ட்டுக்குப் போகணுமா?

முதலில் எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், அதைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம், அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். படிவத்தில் எல்லாவற்றையும் எழுதியவரின் வழக்கு இங்கே எவ்வளவு லேசாக நடக்கிறது என்று பார்த்தால், மேலே நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதன் காரணம் புரியும்.

அப்பாவுக்கு பைபாஸ் ஆனது, கிட்னியும் சரியில்லை. எல்லா கம்பெனியும் மறுத்துட்டாங்க.

இந்த நிலைமை நிறைய வீடுகளில் இருக்கிறது, மனதுக்குக் கஷ்டமானது. பிரீமியத்துக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு, உடனே எடுக்கிற மாதிரி வையுங்கள். பாலிசி இல்லாத மூத்தவரின் மருத்துவச் செலவுக்கு, பழைய வரி முறையில் இருக்கிற பிள்ளை வருமான வரியில் வருடம் 50,000 வரை கழிவு கேட்கலாம், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபே, கார்டு, செக் என்று கொடுத்திருக்க வேண்டும். பாலிசி இருக்கிறவர்களுக்கு அதே 50,000 பிரீமியத்துக்கு.

அப்புறம், அரசு மருத்துவமனையை ஒதுக்காதீர்கள். கிண்டியில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும், அங்கேயே கிங் நிலைய வளாகத்தில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் நம் பணத்தில் கட்டியவை, போகிறவர்களுக்கு எந்த வருமான வரம்பும் இல்லை. சுகர், பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

70 ஆனதும் இந்தப் பாலிசியை விட்டுடலாமா?

வேண்டாம். 70 வயதுக்கான திட்டத்தில் காத்திருப்பு இல்லை, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, ஆதாரில் இருக்கிற வயதே போதும், தனியார் பாலிசி வைத்திருப்பவரும் சேரலாம். சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். காரர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் 5 லட்சம் என்பது குடும்பத்துக்கு, அப்பா அம்மா இருவரும் 70 தாண்டியவர்கள் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும், அதுவும் பட்டியலிட்ட சிகிச்சைக்கு.

நீங்கள் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். இருந்தாலும் தனியார் பாலிசியை உடனே நிறுத்தாதீர்கள், 71 வயதில் விட்டால் 73-ல் திரும்ப வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பிரீமியம் நிஜமாகவே பாரமானால் அடிப்படைப் பாலிசியின் தொகையைக் குறைத்து, சூப்பர் டாப்-அப்பைத் தொடருங்கள். குறைப்பதற்கு முன் சூப்பர் டாப்-அப்பின் கழிவுத்தொகை எவ்வளவு என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள், இடையில் விழும் தொகையை அரசு அட்டை ஏற்குமா, இல்லை கையிலிருந்து போகுமா என்று கணக்குப் போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.